பெண்களுக்கு ஆறு

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆண்களுக்குப் பன்னிரண்டு, பெண்களுக்கு ஆறு. எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. யாரும் உத்தரவு போட்டதாகவும் தெரியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அப்படித்தான் இருந்தது. ஏன் என்று கேட்டவளும் நான் ஒருத்திதான்.

நான் சொல்வது இ.சி.ஜி.யை. அறுபதுகளின் நடுவில், செம்பூர் பக்கம் ஒரு தர்ம ட்ரஸ்ட் நடத்திய சிறிய ஆஸ்பத்திரி அது. இப்போது இல்லை, இடித்துவிட்டு அந்த இடத்தில் கல்யாண ஹால் கட்டிவிட்டார்கள். நான் மாட்டுங்காவிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். டாக்டர் படிப்பை முடித்த கையோடு அங்கே கேஷுவல்டியில் ஹவுஸ்மேன். பெண்ணாக இருந்தாலும் பதவியின் பெயர் அதுதான். என் அப்பாவுக்கு அதில் அடங்காத சந்தோஷம். சாப்பிடக் கூப்பிடும்போதுகூட, "ஹவுஸ்மேன் சார், இலை போட்டாச்சு" என்பார்.

மிஷின் ஒரு சூட்கேஸ் அளவு மரப்பெட்டி. நோயாளியின் இரண்டு மணிக்கட்டிலும் இரண்டு கணுக்காலிலும் பசை தடவித் தகட்டை வைத்து ரப்பர் பட்டையால் கட்டுவோம். அந்த நான்கு தகடுகளை வைத்து ஆறு கோணங்களில் இதயத்தைப் பார்க்கலாம். ஒவ்வொரு கோணத்துக்கும் லீட் என்று பெயர். மீதி ஆறு லீடுக்கு ரப்பர் குமிழ் வைத்த சின்னக் கிண்ணம் ஒன்றை மார்பின் மேல் இடம் மாற்றி மாற்றி ஒட்டவைக்க வேண்டும். சூடான ஊசி ஒன்று மெழுகுக் காகிதத்தை உருக்கிக் கோடு போட்டுக்கொண்டே போகும். ஃபேன் ஓடினால் கோடு நடுங்கும் என்பதால் அதை நிறுத்திவிடுவோம். மே மாதத்து பம்பாயில் ஃபேன் இல்லாமல் படுத்திருப்பவர்களுக்கு இதய நோய் இல்லாவிட்டாலும் வந்துவிடும் என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் கோட்டைப் படிப்பது எனக்குப் பிடித்த வேலை. பெருமையாகக்கூடச் சொல்வேன், நன்றாகப் படிப்பேன். முதலில் ஒரு சின்ன மேடு வரும். இதயத்தின் மேலறைகள் சுருங்கப்போகின்றன என்று பொருள். அடுத்து ஒரு கூர்மையான சிகரம்; அது கீழறைகளுடையது. பிறகு சாவகாசமாக இன்னொரு மேடு. இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. சிகரத்துக்கும் கடைசி மேட்டுக்கும் நடுவில் கோடு கீழே இறங்கி உட்கார வேண்டும். உட்காராமல் தூக்கிக்கொண்டு நின்றால், இதயத் தசையில் எங்கோ ஒரு பகுதி ரத்தம் கிடைக்காமல் செத்துக்கொண்டிருக்கிறது. எந்த லீடில் தூக்குகிறதோ, அந்த லீட் பார்க்கும் சுவரில் கோளாறு. கை கால் லீடுகள் இதயத்தின் பக்கவாட்டையும் அடிப்புறத்தையும்தான் நன்றாகப் பார்க்கும். முன் சுவரைப் பார்ப்பவை மார்பு லீடுகள். வாசல் பக்கம் தீப்பிடித்திருக்கும்போது கொல்லைப்புற ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்வது எப்படியோ, அப்படித்தான் பெண்களுக்கு ஆறு.

மிஷினை இயக்கிய ஆபரேட்டர் கொங்கணத்து மால்வண் பக்கத்துக்காரர். வயது ஐம்பதுக்கு மேல், வீட்டில் கல்யாண வயதில் பெண்கள். எந்தப் பெண் வந்தாலும் மராத்தியில் 'ஆயி', அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவார். பட்டையைக் கட்டும்போதுகூட முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும், ஒரு நாள் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். அவரோ தங்கமானவர். பெண்களின் ரவிக்கையை அவிழ்க்கச் சொல்வது அவருக்குப் பாவமாகப் பட்டது, அதனால் அந்த ஆறு லீடை விட்டுவிட்டார்.

இந்த மரியாதை ஊரெல்லாம் பரவியிருந்தது. தாராவி, சுனாபட்டி, கோவண்டி என்று எங்கெங்கிருந்தோ நம் தமிழ்ப் பெண்கள் பெரிய ஆஸ்பத்திரிகளைத் தாண்டிக்கொண்டு எங்களிடம் வந்தார்கள். "அங்க சட்டையக் கழத்தச் சொல்ல மாட்டாவ" என்பதுதான் எங்களுக்கு இருந்த விளம்பரம். ட்ரஸ்ட்காரர்களுக்கு அதில் ஏகப் பெருமை. நான் வேலையில் இருக்கும் நேரத்தில் வரும் பெண்களுக்குத் திரைக்குப் பின்னால் நானே கிண்ணத்தை வைத்துப் பன்னிரண்டையும் எடுத்துவிடுவேன். நான் இல்லாத நேரத்தில் வருகிறவர்களுக்கு ஆறுதான். பெரிய டாக்டரிடம் கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "இங்கே வருகிற பொம்பளைகளுக்கு ஹார்ட் அட்டாக் எங்கேம்மா வருகிறது? அது சேட்டுகளின் வியாதி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் என்னவோ சொல்லி முடித்துவிட்டது போல அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

மழைக்கு முந்தைய ஒரு காலை. நான் பஸ்ஸை விட்டிறங்கி உள்ளே வரும்போதே வராந்தா பெஞ்சில் புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாளுக்கு நாற்பது இருக்கும். இடது தாடையை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டிருந்தார். முகம் முழுக்க வேர்வை. கணவர் தாராவியில் தோல் கிடங்கில் வேலை செய்கிறவர். தோல் ஊறவைக்கும் சுண்ணாம்பு வாடை எனக்குப் பிடிக்காதோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார்.

"நேத்தே வந்தோம் டாக்டரம்மா. நெஞ்சு கரிக்கின்னு சொன்னா. மிஷின் வச்சுப் பாத்தாவ. ஒண்ணும் இல்ல, வாயுதான்னு வெள்ள மருந்து குடுத்தாவ. இப்பம் பல்லு வலிக்கின்னு சொல்லுதா."

"பல்லுதான்," என்றார் அந்த அம்மாள். "நெஞ்சுல இப்பம் அவ்வளவா இல்ல. இந்த மனுசன் வேலைக்கும் போவாம என்னக் கூட்டிக்கிட்டு அலையுதாரு."

"எந்தப் பல்லு?" என்று கேட்டேன்.

"இன்ன பல்லுன்னு சொல்லத் தெரியல. தாட முழுக்கப் புடிச்சு இழுக்கு."

பல் வலிக்கு ஒருவர் இப்படி வேர்ப்பதில்லை. இடது தாடைக்கும் இதயத்துக்கும் இருக்கும் உறவு எனக்குத் தெரியும். உள்ளே படுக்கவைத்துவிட்டு, முந்தைய நாள் எடுத்த இ.சி.ஜி.யைத் தேடி எடுத்தேன். அட்டையில் சுத்தமாக வெட்டி ஒட்டியிருந்தது. ஆறு லீட். மேடு, சிகரம், மேடு. எங்கும் கோடு தரையில்தான் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டர் பொய் சொல்லவில்லை. வைத்திருந்த ஆறில் ஒன்றுமே இல்லை, அதுதான் கொடுமை.

ஃபேனை நிறுத்திவிட்டுத் திரையை இழுத்தேன். ஆபரேட்டர் மிஷினை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு வழக்கம்போலத் திரைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். ரவிக்கையின் ஊக்கில் நான் கையை வைத்ததும் அந்த அம்மாள் சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து இதெல்லாம் கேக்கலியே. அந்த அய்யா மூஞ்சியக்கூட ஏறிட்டுப் பாக்கல. அதுக்குத்தான இங்க வந்தோம்."

"நானும் பொம்மனாட்டிதானே. ரெண்டு நிமிஷம். கண்ணை மூடிக்கோங்கோ."

அந்த வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க பேசுத தமிழு நாடகத்துல பேசுத மாதிரில்லா இருக்கு," என்றார். பிறகு தலைப்பை விட்டார்.

கை கால் லீடுகள் முந்தைய நாள் போலவே இருந்தன. கிண்ணத்தை மார்பெலும்புக்குப் பக்கத்தில் வைத்தேன். ஊசி எழும்பவேண்டிய இடத்தில் எழும்பாமல் கீழே ஒரு பள்ளம் போட்டது. பள்ளத்திலிருந்து ஏறிய கோடு இறங்கவே இல்லை. அடுத்த இடத்திலும் அப்படி. அதற்கடுத்த இடத்தில் இன்னும் மோசம். கோடு தூக்கிக்கொண்டு நின்றால் இப்போது நடக்கிறது என்று பொருள். பள்ளம் விழுந்திருந்தால் அந்த இடத்துத் தசை ஏற்கெனவே செத்துவிட்டது. அதாவது நேற்றே ஆரம்பித்திருக்கிறது. கால்மாட்டில் இருந்த அட்டையில் ஆறு லீடும் அழகாக ஒட்டப்பட்டிருக்க, இதயத்தின் முன் சுவர் முழுவதும் போய்க்கொண்டிருந்தது.

"பல்லு தெரியுதா டாக்டரம்மா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"தெரியறது," என்றேன்.

வெளியே வந்து கணவரிடம் கேட்டேன், நேற்று வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்று. என்னத்தைச் செய்வா, எப்பவும் போலத்தான் என்றார் அவர். சமைத்திருக்கிறார், துணி அலசியிருக்கிறார், விடியற்காலையில் பொதுக் குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்துச் சுமந்திருக்கிறார். அந்த நாளில் இந்த வியாதிக்கு எங்களிடம் இருந்த பெரிய வைத்தியமே அசையாமல் படுத்திருப்பதுதான். கையைக்கூடத் தூக்கவிடமாட்டோம், சோற்றைக்கூட ஊட்டிவிடுவோம். நாங்கள் வாயு என்று சொல்லி அனுப்பினோம், அந்த அம்மாள் போய்க் குடம் தூக்கியிருக்கிறார். நேற்றே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராவது கேட்டால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் குடம் தூக்கியிருக்கமாட்டார்.

மார்ஃபின் போட்டேன். ஆக்ஸிஜன் வைத்தேன். ரத்தம் உறையாமல் இருக்க ஓர் ஊசி. அவ்வளவுதான் எங்கள் சரக்கு. நின்றுபோகும் இதயத்துக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கும் பெட்டி ஒன்று பெரிய ஆஸ்பத்திரியில் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம், கண்ணால் பார்த்ததில்லை. அங்கே அனுப்பலாமென்றால் வழியில் குலுங்கும் குலுக்கலிலேயே ஏதாவது ஆகிவிடும். நான் படித்ததெல்லாம் என்ன நடக்கிறது என்று சொல்லிக் கொடுத்தது, நடப்பதை நிறுத்தச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் காலை முழுவதும் எனக்கு அந்தப் படிப்பின் மேலேயே வெறுப்பாக இருந்தது.

மிஷினை அவிழ்க்காமல் ஓடவிட்டேன். காகிதம் வீண் என்று மேலே கேட்பார்கள், கேட்கட்டும் என்றிருந்தேன். திரையை விலக்கி, கழுத்துவரை போர்த்திவிட்டு, கணவரைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். அவர் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஆபரேட்டர்தான் இரக்கப்பட்டு அவரிடம் தன் ஹிந்தியில் சொன்னார்: "தேகோ, ஸூயி சல்தி ஹை. சல்தி ஹை தோ சப் டீக் ஹை." ஊசி ஓடுகிறது, ஓடுகிறவரை எல்லாம் சரியாக இருக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து அந்த மனிதர் பெண்சாதியைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்ஃபினில் அந்த அம்மாளின் வலி அடங்கியிருந்தது. "சோத்த வடிக்காம வந்துட்டனே," என்றார் கண்ணை மூடியபடி.

"அதெல்லாம் வடிச்சாச்சு. நீ பேசாம படு," என்றார் கணவர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காகிதத்தில் நடுநடுவே ஒழுங்கில்லாத ஒரு துடிப்பு வர ஆரம்பித்தது. அகலமாக, அசிங்கமாக, வரிசையில் முந்திக்கொண்டு வரும் துடிப்பு. அது எப்போதாவது வந்தால் பொறுக்கலாம். அடிக்கடி வந்தால் பயப்பட வேண்டும். முந்தைய துடிப்பின் கடைசி மேட்டின் மேலேயே வந்து விழுந்தால் கடவுளைக் கூப்பிட வேண்டியதுதான். அது நெருங்கி நெருங்கி வருவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தடுக்கும் மருந்து எங்கள் அலமாரியில் இல்லை. ரயில் வருவதைத் தண்டவாளத்துக்கு அப்பால் நின்று பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மேட்டின் மேலேயே வந்து விழுந்துவிட்டது.

அதன் பிறகு மேடும் இல்லை, சிகரமும் இல்லை. ஊசி மேலும் கீழும் வெறிபிடித்த மாதிரி ஆடியது. அந்தக் காலையில் அது அவ்வளவு வேகமாக ஆடியதே இல்லை. இதயத்தின் தசைநார்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துடிக்கும், இதயம் துடிக்காது. ரத்தம் ஒரு சொட்டும் வெளியே போகாது. புத்தகத்தில் அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. அதிர்ச்சிப் பெட்டி இல்லாத ஆஸ்பத்திரியில் அதற்குச் சாவு என்று பெயர்.

கணவரின் முகம் மலர்ந்தது. என் பக்கம் திரும்பி, "இப்பம் நல்லா ஓடுது, டாக்டரம்மா," என்றார்.

நான் அவரை ஒதுக்கிவிட்டுக் கட்டிலுக்குப் பாய்ந்தேன். மார்பை இரு கையாலும் அழுத்தினேன். அப்போதுதான் புதிதாக வந்திருந்த முறை, படித்திருந்தேன், செய்ததில்லை. நர்ஸ் மூச்சைக் கொடுத்தாள். நான் அழுத்த அழுத்தக் காகிதத்தில் பெரிய பெரிய அலைகள் விழுந்தன. அதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். போர்வை கீழே விழுந்து கிடந்தது. எந்த ரவிக்கைக்காகப் பெரிய ஆஸ்பத்திரியைத் தாண்டி வந்தாரோ, அது திறந்து கிடந்தது. ஆபரேட்டர் அப்போதும் சுவர்ப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கைகள் ஓய்ந்தபோது கோடு முழுதாக நேராகவில்லை. லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. கண்மணிகள் விரிந்து வெகுநேரமாகிவிட்டது. நான் தலையை அசைத்தேன். ஆபரேட்டர் ஸ்விட்சை அணைத்தார்.

"ஏன் அமத்துனீங்க?" என்று கணவர் அவரைக் கேட்டார். கோபமாக இல்லை, விளங்காமல் கேட்டார். "ஓடிக்கிட்டுத்தான இருந்துது?"

தமிழ் தெரியாத ஆபரேட்டர் என்னைப் பார்த்தார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அன்று மத்தியானம், ஆபரேட்டர் முந்தைய நாள் ஒட்டிய ஆறு லீடையும், நான் எடுத்த மார்பு லீடையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். படிக்கத் தெரியாவிட்டாலும் எத்தனையோ ஆயிரம் கோடுகளைப் பார்த்த கண், வித்தியாசம் புரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தார். "மைனே தோ இஸ்ஸத் கீ தீ," என்றார். நான் மரியாதைதானே கொடுத்தேன் என்று. திட்டுவதற்கென்று காலையிலிருந்து சேர்த்துவைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

ட்ரஸ்ட்காரர்களிடம் கத்தினேன். கத்தியதற்குப் பலன் இருந்தது, இனி பெண்களுக்கும் பன்னிரண்டு, கிண்ணத்தை நர்ஸ் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் வராந்தாவில் பெண்கள் குறைந்துவிட்டார்கள். செய்தி தாராவிக்கு எட்டிவிட்டது, அங்கேயும் இப்போது சட்டையைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று. சிலர் திரைவரை வந்துவிட்டு எழுந்து போனார்கள். அவர்களெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கமாட்டார்கள். நர்ஸுகளுக்கும் நேரம் கிடைக்கவில்லை. நான் அங்கிருந்து விலகியபோது மறுபடியும் பெண்களுக்கு ஆறு என்றாகியிருந்தது, இந்த முறையும் யாரும் உத்தரவு போடாமலே.

அதற்கெல்லாம் முன்பே, அந்த மழை ஆரம்பித்த புதிதில் ஒருநாள் கணவர் வந்தார். காரியமெல்லாம் முடிந்து மொட்டை போட்டிருந்தார். கை அப்போதும் பின்னால்தான் இருந்தது.

"அவளுக்கு போட்டோன்னு ஒண்ணும் எடுத்து வைக்கல டாக்டரம்மா," என்றார். "அந்தக் காயிதத்துல ஒரு துண்டு கெடைக்குமா? அவ கைப்பட எழுதுனதுன்னு சொன்னா அது ஒண்ணுதான். அவளுக்குப் பேரு எழுதக்கூடத் தெரியாது."

நான் அந்தச் சுருளை எறியாமல் என் டிராயரில் வைத்திருந்தேன். எடுத்து, ஆரம்பத்துப் பகுதியில் ஒரு சாண் நீளம் வெட்டி நீட்டினேன். கை கால் லீடில் எடுத்தது. மேடு, சிகரம், மேடு. அந்த அம்மாளின் இதயம் நிஜமாகவே துடித்துக்கொண்டிருந்தபோது எழுதியது, என் தமிழைக் கேட்டு அவர் சிரித்த நேரத்தையொட்டியது.

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"இது இல்ல. இதுல மெதுவா போறா. கடசில நல்லா ஓடிச்சுல்லா, அதக் குடுங்க."

இது எது, அது எது என்று விளக்க நினைத்து, விட்டுவிட்டேன். சுருளின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். அதிலும் ஒரு சாண் நீளம் வெட்டி நீட்டினேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். அப்போதுதான் முதல்முறையாக அவர் கையைப் பார்த்தேன். சுண்ணாம்பு தின்று வெளுத்திருந்தது.

"சூடு படாம வெச்சுக்கோங்கோ," என்றேன். "மெழுகுக் காகிதம். சூடு பட்டா கறுத்துப்போயிடும்."

சரி என்று தலையாட்டினார். தாராவியில் அவருடையது தகரக் கூரை போட்ட வீடு.